தொடைநடுங்கி

மின்கம்பி அறுந்து ஆறு நாள்.
கீழூரில் மெழுகுவத்தியும் தீர்ந்துவிட்டதாம்.
ரேடியோவில் ஒருத்தி எங்களைத் திட்டினாள்,
பிறகு அழுதாள்,
பிறகு மறுபடி திட்டினாள்.

நாங்கள் நான்கு பேர்.
முதுகில் கம்பிச்சுருள், கப்பி, கோடாரி,
ஒரு ரொட்டி, ஜோகியாவின் பாட்டில்.
ஸ்வானேத்தி மலையில் பிப்ரவரி என்றால்
அடியில் நிலம் என்று ஒன்று இருப்பதாக
நம்பித்தான் கால் வைக்கவேண்டும்.

கம்பத்துக்கு முன்னால் ஒரு சரிவு.
கடக்க ஒரு சிகரெட் நேரம்கூட ஆகாது.
போன மார்ச்சில் அது
இரண்டு மாடுகளையும் ஒரு பாலத்தையும்
எடுத்துக்கொண்டு போனது.
பாலம் கோடையில் கிடைத்தது.

எப்போதும் முர்ஸகானைத்தான் முன்னே விடுவார்கள்.
ஏனென்று எனக்கு விளங்கவில்லை.
ஏணியில் ஏறினால் அவன் கால் ஆடும்.
நாய் குரைத்தால் நின்றுவிடுவான்.
கல்யாணத்தன்று உறுதிமொழி சொல்லும்போது
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதை
அவன் மனைவி நார்கிஸாவே சொல்லிச் சிரிப்பாள்.
தொடைநடுங்கி என்று பெயர் வைத்தது நான்தான்.
வைத்த அன்றே ஊர் எடுத்துக்கொண்டது.

அன்று அவன் இருபது அடி போனான்.
குச்சியைச் செருகினான். உருவினான். மறுபடி செருகினான்.
கையுறையைக் கழற்றி
வெறுங்கையால் பனியைத் தொட்டான்,
காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி.
பிறகு தன் தடத்திலேயே கால் வைத்து
பின்பக்கமாக நடந்து வந்தான்.
"இன்றைக்கு வேண்டாம்."

ஜோகியாவுக்குப் பயம் கிடையாது.
அதைப் பற்றி எங்கள் பக்கத்தில் நிறையக் கதைகள் உண்டு.
பாதிக் கதைகளில் வேறு யாரோ செத்திருப்பார்கள்.
"நீ உட்கார்ந்து குளிர் காய்,
நான் போகிறேன்" என்றான்.

முர்ஸகான் குறுக்கே வந்து நின்றான்.
ஜோகியாவின் தோளுயரம்தான் இருப்பான்.
முழங்கால் இரண்டும் ஆடின, அவன் மறைக்கவில்லை.
குரல் கிரீச்சிட்டது.
காலரைப் பிடித்த கை மட்டும் விடவில்லை.

ஜோகியா அறைந்தான். ஒருமுறை.
பனியில் விழுந்த இரத்தம்
ரொம்பவும் சிவப்பாக இருந்தது.
"இன்றைக்கு வேண்டாம்" என்றான் மறுபடியும்,
அழுகிறவன் குரலில்.
கை அப்போதும் விடவில்லை.

சரிவு விழவில்லை.
இருட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.
விழட்டும், விழுந்து தொலையட்டும் என்றுகூட
நான் வேண்டிக்கொண்டேன்.
விழுந்தால் அவன் சொன்னது சரி என்றாகிவிடும்.
அதுவோ பால் குடித்த பூனை மாதிரி
வெள்ளையாக, சாதுவாகப் படுத்துக் கிடந்தது.

கீழூரில் ஏழாவது இரவும் இருட்டு.
ரேடியோவை அணைத்து வைத்தேன்.

விடிகாலையில் குளிர் இறுகியது.
முர்ஸகான் பனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு
இடுப்புக் கயிற்றின் மறுநுனியை
என் கையில் கொடுத்தான்.
வேறு யாரிடமும் இல்லை, என்னிடம்.

அவன் போகப் போக
நடுக்கம் கயிறு வழியாக
என் உள்ளங்கைக்கு வந்தது,
தூண்டிலில் மீன் கடிக்கிற மாதிரி.
நடுவழி வரை வந்தது. நடுவழி தாண்டியும் வந்தது.
அது நின்றிருந்தால்
எனக்கு வயிறு கலங்கியிருக்கும்.

பத்து மணிக்குக் கரண்ட் போனது கீழே.
பட்டப்பகலில், எல்லாச் சன்னலிலும்
விளக்கைப் போட்டு வைத்தார்கள்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை
சரிவு தானாக விழுந்தது,
அந்தப் பக்கம் யாரும் இல்லாதபோது.
அதிலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை.
பெயரை மாற்றிவிடலாமென்று பார்த்தேன்.
ஊர் விடவில்லை. அவனும்தான்.

கம்பி இழுத்த அன்று
ரேடியோவில் திட்டியவள் வீட்டில் தேநீர்.
முர்ஸகான் கண்ணாடிக் குவளையை
இரண்டு கையாலும் தூக்கினான்.
உள்ளே கரண்டி
கிணுகிணு கிணுகிணு என்று
அடித்துக்கொண்டே இருந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை.
ஜோகியா, அவன் பக்கம் திரும்பாமலே,
சர்க்கரைக் கிண்ணத்தை
அவனருகே தள்ளி வைத்தான்.